வைக்கம் வீரர் ஈ. வெ. ரா.

ஆண்டுதோறும் நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில், மறைந்த சான்றோர் ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிடுவது வழக்கம் என்பதை அன்பர்கள் அறிவார்கள். வள்ளலாரையும் வ. உ. சிதம்பரனாரையும் பாரதியாரையும் பற்றி எழுதிய ஆண்டுகளில் நமக்குள் மாறுபாடு எதுவும் எழுந்ததில்லை. இவ்வாண்டு ஈ. வெ. ரா. பெரியாரைப் பற்றி எழுதலாம் என்று ஒருவர் சொன்னபோதோ, மலர்க் குழுவின் கூட்டம் இரவு பத்து மணியைத் தாண்டிவிட்டது. மாட்டுப்பட்டிக் குளிரில் இரவு பத்து மணிக்கு மேல் அமர்ந்து வாதிடுகிறார்கள் என்றால், பொருள் எளியதன்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கோயில் காரியங்களை முன்னின்று நடத்தும் அண்ணாச்சி ஒருவர், முதற்பக்கத்தில் பிள்ளையார் படமும் கடவுள் வணக்கமும் தாங்கி வருகின்ற மலரில், பிள்ளையார் சிலையைத் தெருவில் போட்டு உடைத்தவருடைய வரலாறு எப்படி வரலாம் என்று கேட்டார். எதிரே இருந்த இளைஞர் ஒருவர், அப்படியானால் முதற்பக்கத்துப் படத்தை எடுத்துவிடலாமே என்று சொல்லிவிட்டார். அவர் அதை அவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்பது நம் கருத்து. பிறகு இரு திறத்தாரும் பேசியவற்றை இங்கே எழுதுவதால் பயனில்லை. முடிவில், பல்லாண்டுகள் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்ற மூத்த அம்மையார் ஒருவர், அந்த மனிதர் நம் பக்கத்துச் சீமைக்கு வந்து எதற்காகச் சிறைக்குப் போனார் என்பதை உள்ளது உள்ளபடி எழுதிவிடுங்கள், நன்றி சொல்வதா வேண்டாமா என்பதைப் படிப்பவர்கள் பார்த்துக் கொள்ளட்டும் என்றார். அதற்கு மேல் ஒருவரும் பேசவில்லை. எழுதும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது.

ஈரோட்டில் பெரும் வணிகராக விளங்கிய வெங்கட்ட நாயக்கருக்கும் சின்னத்தாயம்மையாருக்கும் 1879-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் இராமசாமி பிறந்தார். பெற்றோர் இருவரும் ஆழ்ந்த வைணவப் பற்று உடையவர்கள். வறுமையில் தொடங்கி உழைப்பால் உயர்ந்த அவர்கள், தங்கள் செல்வமெல்லாம் பெருமாள் அருளியதே என்று நம்பினார்கள். வீட்டில் பாகவதர்களும் புராணிகர்களும் வந்து போகாத நாளில்லை. அப்பெரியோர்களைக் கேள்வி கேட்டு மடக்குவதே சிறுவன் இராமசாமிக்குப் பொழுதுபோக்காயிற்று. கோயில் வீட்டுப் பிள்ளைதான் கோயிலை அதிகம் கேள்வி கேட்பான் என்பது நம் காலனியிலும் காணக்கூடிய உண்மையே. பள்ளிப் படிப்பு சில ஆண்டுகளோடு நின்றது. பன்னிரண்டு வயதிலேயே தந்தையின் மண்டியில் வணிகம் பழகினார். பத்தொன்பதாம் வயதில் நாகம்மையாரை மணந்தார். பிறந்த ஒரே பெண் குழந்தை ஐந்து மாதத்தில் இறந்தது.

1904-ஆம் ஆண்டில் வீட்டை விட்டு வெளியேறிக் காசிக்குச் சென்றார். நாத்திகம் பேசிய பெரியார் ஒரு காலத்தில் துறவுக் கோலத்தில் கங்கைக் கரையில் அலைந்தவர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்தப் புண்ணிய நகரத்துச் சத்திரங்களில் பிராமணர்களுக்கு மட்டுமே சோறு கிடைத்தது. பசி தாளாமல் எச்சில் இலையில் எஞ்சியிருந்ததை எடுத்து உண்டார். அவரை உள்ளே விடாமல் தள்ளிய சத்திரமோ, தென்னாட்டுப் பிராமணரல்லாத வணிகர் ஒருவருடைய பொருளால் கட்டப்பட்டது. கொடுத்தவன் இனத்தான் வெளியே நிற்க, மற்றவர் உள்ளே உண்கின்ற அந்தக் காட்சி அவர் நெஞ்சில் பதிந்துவிட்டது. திரும்பி வந்த மகனிடம் தந்தையார் மண்டியையே ஒப்படைத்தார்.

அதன் பின்னர் ஈரோட்டில் அவர் வகிக்காத பொதுப்பதவி இல்லை எனலாம். நகரசபைத் தலைவராக இருந்தார். தேவஸ்தானக் கமிட்டியின் பொறுப்பையும் ஏற்றார். கடவுள் நம்பிக்கை இல்லாதவர் கோயில் கணக்கைப் பார்ப்பதா என்று இன்று வியக்கத் தோன்றும். ஆனால் பிறர் பொருளை ஒரு காசு குறையாமல் காப்பதில் அவர் காட்டிய கண்டிப்பு ஊரறிந்தது. கோயில் சொத்தைத் தின்ற பக்தர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே இதனை இங்கே குறித்து வைக்கிறோம்.

சேலம் நகரசபைத் தலைவராக இருந்த இராஜகோபாலாச்சாரியாருடைய நட்பு இக்காலத்தில்தான் ஏற்பட்டது. அந்த நட்பே அவரைக் காங்கிரசுக்குள் கொண்டுவந்தது. பதவிகளை எல்லாம் துறந்து கதர் மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றார். கள் ஒழிப்புக்காகத் தம் தோப்பிலிருந்த 500 தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்குச் சென்றனர்.

இனி, நம் மலர்க் குழுவை இரவு பத்து மணி வரை உட்கார வைத்த செய்திக்கு வருவோம்.

வைக்கம் நமக்குத் தூரத்து ஊர் அன்று. மலையிறங்கிக் கோதமங்கலம் வழியாகச் சென்றால் ஒரு பகலில் போய்ச் சேரலாம். வேம்பநாட்டுக் காயலோரத்தில் உள்ள அந்த ஊரில் மகாதேவர் கோயில் கொண்டிருக்கிறார். கோயிலுக்கு நான்கு புறமும் வீதிகள். அவ்வீதிகளில் ஈழவரும் புலையரும் ஏனைய தாழ்த்தப்பட்டோரும் நடக்கக்கூடாது என்று தடை இருந்தது. கோயிலுக்குள் நுழையக்கூடாது என்பதன்று செய்தி. கோயிலைச் சுற்றியுள்ள பொதுத் தெருவில் கால் வைக்கக்கூடாது என்பதே தடை. எந்த இடத்திற்கு மேல் வரக்கூடாது என்று காட்டப் பலகை நட்டிருந்தார்கள். அதே தெருவில் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் தடையின்றி நடந்தார்கள். ஆகையால் மகாதேவரை நம்பாதவர் அவர் வீதியில் செல்லலாம். அவரை நாளெல்லாம் நினைந்துருகும் ஏழை அவ்வீதியில் செல்லக்கூடாது! இதைவிடப் பெரிய முரண் உலகில் வேறு இருந்ததா என்று நமக்குத் தெரியவில்லை.

நம் மலையும் அன்று அதே திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்ததுதான். திருநெல்வேலியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் கங்காணிகளோடு இங்கே வந்து சேர்ந்த நம் பாட்டன் பாட்டிகளில் எத்தனை பேர் வைக்கத்துத் தெருவில் நடந்திருக்க முடியும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் தனக்குள் கேட்டுக் கொள்ளலாம். வைக்கம் வரை ஏன் போகவேண்டும்? சொந்த ஊர்க் கோயிலின் தேர் வீதியில் நடக்க முடியாதவர்கள்தாம் நம்மில் மிகப் பலர். லயத்து ஓரத்தில் கல்லை நட்டு, மஞ்சள் பூசி, மாரியம்மன் என்று கும்பிடத் தொடங்கியதற்குப் பக்தி மட்டுமே காரணம் அன்று. அந்த அம்மன் முன்னால் தள்ளி நில் என்று சொல்ல ஆள் இல்லை என்பதும் காரணந்தான்.

டி. கே. மாதவன் முயற்சியால் 1923-ஆம் ஆண்டு காக்கிநாடா காங்கிரசில் தீண்டாமை ஒழிப்புத் தீர்மானம் நிறைவேறியது. அதனைத் தொடர்ந்து 1924-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் வைக்கத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. முதல் நாள் புலையர் ஒருவரும் ஈழவர் ஒருவரும் நாயர் ஒருவரும் கைகோத்துத் தடைப்பலகையைத் தாண்டச் சென்று சிறைப்பட்டனர். குஞ்ஞாப்பி, பாகுலேயன், கோவிந்தப் பணிக்கர் என்னும் அம்மூவர் பெயரைத் தமிழர்களாகிய நாமும் நினைவில் வைக்கவேண்டும். பத்து நாட்களுக்குள் டி. கே. மாதவன், கே. பி. கேசவ மேனன் முதலான தலைவர்கள் சிறைக்குள் சென்றுவிட, போராட்டம் தலைமையின்றித் தடுமாறியது. ஜார்ஜ் ஜோசப்பும் கேசவ மேனனும் தமிழ்நாட்டுக் காங்கிரசின் தலைவராக இருந்த பெரியாருக்கு ஓலை விடுத்தார்கள். அவர் அப்போது மதுரை ஜில்லாவில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். உடல்நலமும் செம்மையாக இல்லை. இருந்தும் தம் கட்சிப் பொறுப்பை இராஜாஜியிடம் ஒப்படைத்துவிட்டு ஏப்ரல் 13-ஆம் நாள் வைக்கம் வந்து சேர்ந்தார்.

அங்கே ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. திருவிதாங்கூர் மகாராஜா டில்லிக்குச் செல்லும்போதெல்லாம் ஈரோட்டில் பெரியார் குடும்பத்தாரின் மாளிகையில் தங்கி, விருந்துண்டு செல்வது வழக்கம். அந்த நன்றியை மறவாத மகாராஜா, பெரியாரை அரசாங்க விருந்தாளியாக வரவேற்கும்படி அதிகாரிகளை அனுப்பினார். எதிர்க்க வந்தவருக்கு மாலையோடு வரவேற்பு! பெரியார் அந்த மரியாதைக்கு வணக்கம் தெரிவித்துவிட்டு, மறுநாள் முதலே அந்த அரசை எதிர்த்துப் பேசலானார். இச்செய்தியைப் பின்னாளில் அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். உண்ட வீட்டுக்கு நன்றி காட்டுவது வேறு, நியாயத்தை விட்டுக்கொடுப்பது வேறு என்பதில் அவருக்குச் சிறிதும் குழப்பம் இல்லை. மகாராஜாவோ, சில நாட்கள் பொறுத்துப் பார்த்தார். பின்னர்ச் சட்டம் தன் வழியில் சென்றது.

மே 22-ஆம் நாள் சிறைப்படுத்தப்பட்ட பெரியாருக்கு ஒரு மாத வெறுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டு, அருவிக்குத்திச் சிறையில் அடைக்கப்பட்டார். அந்நாட்களில் நாகம்மையார் வைக்கம் வந்து, மகளிரைத் திரட்டித் தெருத் தெருவாகச் சென்று போராட்டத்திற்கு ஆதரவு தேடினார். ஜூன் 21-ஆம் நாள் விடுதலையான பெரியார் ஈரோட்டுக்குத் திரும்பவில்லை. தடையை மீறி மீண்டும் பேசினார். ஜூலை 18-ஆம் நாள் மறுபடியும் கைது. இம்முறை நான்கு மாதக் கடுங்காவல். திருவனந்தபுரம் மத்திய சிறை.

அதே சிறையில் அரசியல் கைதியாகச் சலுகையோடு வைக்கப்பட்டிருந்த கேசவ மேனன், பெரியார் இருந்த நிலையைத் தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார். காலில் இரும்பு விலங்கு; முழங்கால் வரை ஒரு துணி; தலையில் கைதிக் குல்லாய்; கழுத்தில் எண் பொறித்த மரப்பலகை; கொலைகாரர்களுக்கும் திருடர்களுக்கும் நடுவே கடின வேலை. ஈரோட்டில் பெரும் செல்வராக வாழ்ந்தவர், வேற்று மொழி பேசும் நாட்டில், தாம் நம்பாத ஒரு தெய்வத்தின் தெருவில் அதை நம்புகின்ற ஏழைகள் நடப்பதற்காக, அந்தப் பலகையைக் கழுத்தில் சுமந்தார். இந்த ஒரு வாக்கியத்திற்காகவே இக்கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டோம் என்று சொன்னாலும் தவறில்லை.

அந்த ஜூலை மாதத்தை நம் மலையும் மறக்கவில்லை. கொல்லம் ஆண்டு 1099-இல் வந்ததால் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று கேரள நாட்டார் சொல்லும் பெருவெள்ளம் அப்போதுதான் வந்தது. மூணாற்றிலிருந்து நம் மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் வரை தேயிலை ஏற்றிச் சென்ற குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் பாதையை அவ்வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. அது பின்னர் மீண்டும் போடப்படவே இல்லை. மலையில் பெய்த அதே மழை கீழே வைக்கத்தில் காயலாகப் பொங்கியது. சத்தியாக்கிரகத் தொண்டர்கள் இடுப்பளவு, கழுத்தளவு நீரில் தங்கள் இடத்தை விட்டு நகராமல் நின்றார்கள். காவலர்கள் படகில் இருந்து காவல் காத்தார்கள். நம் முன்னோர் இங்கே சரிந்த மண்ணையும் பிணங்களையும் அகற்றிக்கொண்டிருந்த அந்நாட்களில், பெரியார் திருவனந்தபுரத்தில் கம்பிக்குப் பின்னால் இருந்தார்.

சிறைக்கு வெளியே வைதிகர்கள் சத்துரு சங்கார யாகம் ஒன்று நடத்தினார்கள் என்றும், அது முடியுமுன் ஆகஸ்டு 7-ஆம் நாள் மகாராஜாவே காலமாகிவிட்டார் என்றும் பெரியார் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. பக்தர்கள் சிலர் அதைத் தெய்வத்தின் தீர்ப்பு என்று பேசிக்கொண்டார்களாம். தெய்வம் தம் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டதாக வந்த செய்தியைக் கேட்டும் நம்பிக்கை கொள்ளாத ஒரே மனிதர் அவராகத்தான் இருந்திருப்பார்! அரசர் மறைவை ஒட்டிக் கைதிகள் விடுவிக்கப்பட்டபோது, ஆகஸ்டு 31-ஆம் நாள் அவரும் விடுதலையானார். ஆய்ந்தோர் கணக்குப்படி வைக்கத்துக்காக அவர் செலவிட்ட நாட்கள் 141. அவற்றுள் சிறையில் கழிந்தவை 74.

இப்போராட்டம் தமிழர் ஒருவரால் மட்டும் வென்றது என்று பெருமை பேசுவது நமக்கு அழகன்று. ஸ்ரீ நாராயண குரு தம் வெல்லூர் ஆசிரமத்தைத் தொண்டர்களுக்குக் கொடுத்தார், பொருளும் கொடுத்தார். பஞ்சாபிலிருந்து அகாலிச் சீக்கியர்கள் வந்து உணவுச்சாலை நடத்தினார்கள். மன்னத்து பத்மநாபன் மேல்சாதியாரைத் திரட்டித் திருவனந்தபுரத்துக்கு நடைப்பயணம் சென்றார். காந்தியடிகள் 1925-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நேரில் வந்து, ஆட்சிப் பொறுப்பிலிருந்த சேது லட்சுமி பாய் அவர்களோடு பேசினார். துறவியும் பக்தரும் சீக்கியரும் கிறிஸ்தவரும் நாத்திகரும் ஒரே பந்தலில் இருந்த போர் அது. 1925-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் சத்தியாக்கிரகம் நிறுத்தப்பட்டபோது மூன்று புறத்து வீதிகள் திறந்தன; கிழக்குப் புறம் திறக்கவில்லை. ஆறு நாள் கழித்து நடந்த வெற்றி விழாவுக்குப் பெரியார் தலைமை தாங்கினார். நாகம்மையாரும் வந்திருந்தார். கோயிற் கதவுகள் முழுவதும் திறக்க 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாளின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இப்பணிக்காக அவருக்கு வைக்கம் வீரர் என்னும் பட்டத்தைச் சூட்டியவர் யார்? திருநீறு துலங்கும் நெற்றியினரான திரு. வி. கலியாணசுந்தரனார். இவ்விருவர் நட்பும் தனியே ஒரு நூலாக எழுதத் தகுந்தது. ஈரோட்டில் பெரியார் இல்லத்தில் திரு. வி. க. தங்கியிருந்தபோது, அவர் நீராடிவிட்டு வரும் வேளையில் பெரியார் திருநீற்றுக் கலத்தை ஏந்தி நின்றார் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். தமக்கு நம்பிக்கை இல்லை என்பதற்காக விருந்தினர் நெற்றி வெறுமையாக இருக்கக்கூடாது என்று எண்ணிய உள்ளம் அது. திரு. வி. க. மறைந்தது 1953-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள். அன்று பெரியாருக்குப் பிறந்த நாள்.

1925-ஆம் ஆண்டில் குடி அரசு வார இதழைத் தொடங்கியபோது, அதன் அலுவலகத்தைத் திறந்து வைக்கப் பெரியார் அழைத்ததும் ஒரு சைவ மடத்துத் தலைவரையே. திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் அடிகள் மே 2-ஆம் நாள் ஈரோடு வந்து திறந்து வைத்தார்.

அவ்வாண்டு இறுதியில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புரிமைத் தீர்மானம் ஏற்கப்படாமையால் காங்கிரசை விட்டு வெளியேறினார். அதன் பின் நிகழ்ந்தவை தமிழ்நாட்டின் பொது வரலாறு ஆகிவிட்டன: 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு, 1938-இல் இந்தி எதிர்ப்புச் சிறை, 1944-இல் சேலத்தில் திராவிடர் கழகம், 1949-இல் மணியம்மையாரோடு திருமணமும் அதை ஒட்டிய பிரிவும். இவற்றை விரிக்க இம்மலர் போதாது. 1933-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள் நாகம்மையார் மறைந்ததை மட்டும் குறிப்பிடுகிறோம். வைக்கத்துத் தெருவில் நடந்த அந்த அம்மையாருக்கும் நம் குடும்பப் பெண்கள் கடன்பட்டவர்களே.

அண்ணாச்சி சொன்ன குறையை மறைத்து எழுதினால் இவ்வரலாறு பொய்யாகும். 1953-ஆம் ஆண்டில் பெரியார் பிள்ளையார் உருவங்களை உடைக்கச் சொன்னார், தாமும் உடைத்தார். 1956-இல் இராமர் படம் எரிப்பதாக அறிவித்துச் சிறைப்பட்டார். பக்தியோடு விளக்கேற்றி வாழும் எளிய குடும்பங்கள் இவற்றால் புண்பட்டன என்பது உண்மை. கல்லில் தெய்வம் இல்லை என்று காட்டவே அவர் உடைத்தார் என்பது அவரைச் சார்ந்தோர் கூறும் விளக்கம். அந்தக் கல்லோடு ஒரு தாயின் கண்ணீரும் கலந்திருக்கிறதே என்பது நம் அண்ணாச்சி கூறும் மறுமொழி. இரண்டில் எதையும் நாம் இங்கே தள்ளிவிடவில்லை.

ஆனால் இதே மனிதர், பொதுக் கூட்டங்களில் பிறர் கடவுள் வாழ்த்துப் பாடும்போது, தள்ளாத வயதில் இரண்டு பேர் தோளைப் பற்றிக்கொண்டு எழுந்து நின்றார். அவரை எதிர்க்கவென்றே அருள்நெறித் திருக்கூட்டம் கண்ட குன்றக்குடி அடிகளார், நேரில் சந்தித்த பின் அவருக்கு நெருங்கிய நண்பரானார். குன்றக்குடி மடத்தில் நெற்றியில் பூசப்பட்ட திருநீற்றை அவர் அழிக்கவில்லை என்றும் சொல்கிறார்கள். சிறுவரையும் பன்மையில் அழைத்துப் பேசுவது அவர் இயல்பு. தம்மை எதிர்த்தவர்க்கும் நாற்காலி போடச் சொல்வார். தன்மானம் என்ற சொல்லை நாட்டில் பரப்பியவர், அடுத்தவர் மானத்தைத் தம்முடையதைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டார். செருக்குக்கும் தன்மானத்துக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று நம் சங்கக் கூட்டங்களில் சில வேளை நாமே மறந்துபோகிறோம்; மேற்சொன்ன இரவும் அத்தகையதே.

நன்றியைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்தும் நமக்குப் பயன்படும். நன்றி என்பது உதவி பெற்றவன் காட்டவேண்டிய பண்பு, உதவி செய்தவன் அதை எதிர்பார்ப்பது சிறுமை என்பது அவர் கொள்கை. ஆதலால் வைக்கத்துத் தெருவில் நடந்து கோயிலுக்குப் போகிறவர் யாரும் தம்மை நினைக்கவேண்டும் என்று அவர் கேட்டதில்லை. நினைப்பதும் விடுவதும் நம் பாடு.

அவர் வாழ்வின் கடைசிப் போராட்டமும் கோயிலைப் பற்றியதே என்பது வியப்பு. தெருவில் தொடங்கியவர் கருவறையில் வந்து நின்றார். தகுதி பெற்ற எச்சாதியினரும் அருச்சகர் ஆகலாம் என்ற உரிமைக்காகப் போராட்டம் அறிவித்தார். அதனை ஏற்றுத் தமிழ்நாடு அரசு 1970-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. 1972-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதன் பயனைக் குறைத்தது. 1973-ஆம் ஆண்டு டிசம்பரில், 94 வயதில், மூத்திரக் குழாயும் வாளியுமாக மேடையேறி அவர் பேசிய கடைசிப் பேச்சுகளிலும் இந்த இழிவைப் பற்றியே வருந்தினார். தம் தலைமுறையில் அதன் முடிவை அவர் பார்க்கவில்லை. திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு 2017-ஆம் ஆண்டில் பிராமணரல்லாதார் 36 பேரை அருச்சகர் பணிக்குத் தேர்ந்தெடுத்தது. அவர்களுள் அறுவர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலும் பல சாதியினர் அருச்சகராக அமர்த்தப்பட்டனர். அவர்கள் கையால் தீபாராதனை காட்டும்போது கன்னத்தில் போட்டுக்கொள்பவர்களில் எத்தனை பேருக்கு ஈரோட்டு நாத்திகர் நினைவு வருமோ நாம் அறியோம்.

1972-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இராஜாஜி காலமானார். அரை நூற்றாண்டுக் காலம் அரசியலில் எதிரெதிரே நின்றவர்கள். ஒருவர் கீதையும் உபநிடதமும் எழுதியவர். மற்றவர் அவற்றைச் சாடியவர். வைக்கத்துக்குப் புறப்படும்போது யாரிடம் பொறுப்பை ஒப்படைத்தாரோ அந்த நண்பரைச் சுடுகாட்டில் சிதையில் வைத்தபோது, சக்கர நாற்காலியில் வந்திருந்த பெரியார் சிறுபிள்ளையைப் போல் கண்ணீர் விட்டார். எண்ணி ஓராண்டுக்கு ஒரு நாள் குறைய, 1973-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், வேலூரில் கிறிஸ்தவ மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. சென்னையில் பெரியார் திடலில் அடக்கம் செய்யப்பட்டார். வைக்கத்தில் அவருக்கு எழுப்பப்பட்ட நினைவகம் புதுப்பிக்கப்பட்டு, 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் தமிழ்நாட்டு முதலமைச்சரும் கேரள முதலமைச்சரும் கலந்துகொண்ட விழாவில் திறக்கப்பட்டது.

இவ்வளவையும் எழுதி மலர்க் குழுவில் படித்தோம். அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், கழுத்தில் பலகை கட்டிய இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு, முதற்பக்கத்தில் பிள்ளையாரும் அடுத்த பக்கத்தில் பெரியாரும் வரட்டும் என்று அவரே முடிவு கூறினார். படத்துக்கு மேல் பூமாலை வரைந்து அச்சிடலாமா என்று அச்சகத்தார் கேட்டபோது, வேண்டாம், அவருக்குப் பிடிக்காது என்று தடுத்தவரும் அண்ணாச்சிதான். இளைஞர் அன்று ஒன்றும் பேசவில்லை. ஆண்டு விழாவில் கடவுள் வணக்கம் பாடும்போது எழுந்து நிற்கப் போவதாக மட்டும் வெளியே வந்தபின் நம்மிடம் சொன்னார். படம் மாலையின்றி, பொட்டின்றி, தாடியோடும் கைத்தடியோடும் அப்படியே அடுத்த பக்கத்தில் இருக்கிறது.